ஸ்பார்க் பிளக்: 1.1 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் இருக்கும் இயற்பியல்

படிவம் 5 இயற்பியலில் மின்காந்தத் தூண்டலையும் மின்மாற்றியையும் நடத்தி முடித்த பிறகு, கூர்மையான மாணவர் ஒருவர் இப்படிக் கேட்கக்கூடும்: "டீச்சர், நேர்மின்னோட்டத்துல மின்மாற்றி வேலை செய்யாதுன்னு சொன்னீங்க. கார் பேட்டரி 12 வோல்ட் நேர்மின்னோட்டம்தானே? அப்புறம் எப்படி ஸ்பார்க் பிளக்குல ஆயிரக்கணக்கான வோல்ட் வருது?"

கேள்வி மிகச் சரியானது. இதற்குப் பதில் தெரிந்த மாணவருக்கு மின்மாற்றிப் பாடம் உண்மையாகவே புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே பதில் பட்டறைக்கும் உதவும். எந்தப் பிளக்கை வாங்குவது, அதன் இடைவெளியை எவ்வளவு வைப்பது என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்தே கிளைக்கின்றன. எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்களுக்கும், அதன்பின் மலேசியத் திறன் சான்றிதழ் வழியாக வாகனத் துறைக்குப் போக நினைப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கும் இக்கட்டுரை ஒரு வளமாக அமையும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவோம். பிளக் விஷயத்தில் "விலை கூடினா நல்லது", "இடைவெளி பெருசானா தீப்பொறி பெருசு", "சூடான பிளக் போட்டா கார் பறக்கும்" என்று பல பேச்சுகள் உலவுகின்றன. மூன்றும் தவறு. பிளக் என்பது அந்த என்ஜினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. பெரிதாக இருந்தாலும் பொருந்தாது. சிறிதாக இருந்தாலும் பொருந்தாது.

தீப்பொறி எப்படிப் பிறக்கிறது?

காரின் இக்னிஷன் காயில் ஒரு மின்மாற்றி. அதில் இரண்டு கம்பிச்சுருள்கள் உண்டு. முதன்மைச் சுருளில் சுற்றுகள் குறைவு. துணைச் சுருளில் சுமார் 100 மடங்கு அதிகம். பேட்டரி மின்னோட்டம் முதன்மைச் சுருளில் பாயும்போது காந்தப்புலம் உருவாகிறது. மின்னோட்டம் மாறாமல் பாய்ந்துகொண்டே இருந்தால் காந்தப்புலமும் மாறாது. துணைச் சுருளில் எதுவும் தூண்டப்படாது. இதுவரை மாணவர் சொன்னது சரி.

ஆனால் கார் அந்த மின்னோட்டத்தைத் தொடர்ந்து பாய விடுவதில்லை. சரியான நொடியில் சட்டென்று துண்டிக்கிறது. உடனே காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு மிக வேகமானது என்பதால் முதன்மைச் சுருளிலேயே சில நூறு வோல்ட் எழும்புகிறது. அது 100 மடங்காகப் பெருகும்போது துணைச் சுருளில் 30,000 முதல் 40,000 வோல்ட் வரை கிடைக்க வாய்ப்புண்டு. ஆக, மின்மாற்றிக்குத் தேவை மாறுதிசை மின்னோட்டம் என்பதைவிட, மாறும் காந்தப்புலம் என்பதே துல்லியமான விடை. தேர்வில் விளக்கம் கேட்டால் இந்தச் சொற்றொடர் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

அந்தத் துண்டிப்பை யார் செய்கிறார்கள் என்பதுதான் காலப்போக்கில் மாறியது. 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. ஒரே காயிலின் மின்சாரத்தை டிஸ்டிரிபியூட்டர் நான்கு சிலிண்டருக்கும் தடித்த கம்பிகள் வழியாகப் பங்கிட்டுத் தந்தது. இப்போது வரும் பல கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது; துண்டிக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. அடிப்படைத் தத்துவம் மட்டும் மாறவே இல்லை.

இடைவெளி ஏன் அந்த அளவு?

பிளக்கின் நுனியைப் பாருங்கள். நடுவில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதை நடுமுனை என்போம். அதன்மேல் வளைந்து நிற்கும் சிறு கம்பியைப் பக்கமுனை என்போம். இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் இடைவெளி. நம்மூர்க் கார்களில் பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

மாலை நேரத்தில் ஜொகூரில் இடி இடிக்கும்போது மேகத்துக்கும் தரைக்கும் நடுவே நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் காற்று அயனியாகி வழிவிடுகிறது. திறந்த வெளியில் அந்த எல்லை மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட். அப்படியென்றால் 1.1 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 3,300 வோல்ட் போதுமே என்று தோன்றும்.

போதாது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்குகிறது. நெருக்கமாக நிற்கும் மூலக்கூறுகளுக்கு இடையே மின்சாரம் தாவுவது கடினம். வாயுவின் அடர்த்தியும் இடைவெளியும் சேர்ந்தே தேவையான மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை 1889-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷன் காட்டினார். அதனால்தான் ஓடும் என்ஜினில் ஒரு தீப்பொறிக்கு 10,000 முதல் 20,000 வோல்ட் வரை தேவைப்படுவது வழக்கம்.

இங்கே இரண்டு எதிரெதிர்த் தேவைகள் மோதுகின்றன.

இடைவெளி குறுகலாக இருந்தால் மின்சாரம் எளிதாகத் தாவும். ஆனால் தீப்பொறி குட்டையாக இருக்கும். தொடும் கலவை கொஞ்சம்தான். பிறந்த சிறு தீயின் வெப்பத்தை இரு பக்கமும் உள்ள உலோக முனைகளே உறிஞ்சிவிடும். தீ பரவுவதற்குள் அணைந்துபோகலாம். கார் நின்ற இடத்தில் ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கும். என்ஜின் சீராக ஓடாது.

இடைவெளி அகலமாக இருந்தால் தீப்பொறி நீளமாக இருக்கும். கலவை நன்றாகப் பற்றும். ஆனால் அதைத் தாவ வைக்கக் கூடுதல் வோல்ட் வேண்டும். காயிலின் சக்திக்குமேல் போனால் தீப்பொறியே வராது. அதுவும் எப்போது? எண்ணெயை முழுக்க மிதித்து, சிலிண்டரில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் இருவழிச் சாலையில் லாரியை முந்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாக அந்த நேரத்தில் கார் திக்கித் திணறும். எதிரே வண்டி வந்துகொண்டிருக்கும். பிளக் இடைவெளி என்பது வெறும் பெட்ரோல் சிக்கனக் கணக்கு அல்ல என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

நினைவில் வைக்க ஒரு வரி: குறுகினால் நிற்கும்போது நடுங்கும், அகன்றால் இழுக்கும்போது திணறும்.

இன்னொன்று. காயில் 35,000 வோல்ட் தரக்கூடியது, பிளக்குக்கு 15,000 தேவை என்றால் மீதி 20,000 கையிருப்பு. பிளக் தேயத் தேய இடைவெளி அகலும். முனையின் கூரான விளிம்புகள் மழுங்கும். கூரான விளிம்பிலிருந்துதான் மின்சாரம் எளிதில் தாவும் என்பதால் மழுங்கிய முனைக்கு மேலும் வோல்ட் தேவைப்படும். கையிருப்பு மாதாமாதம் கரையும். கரைந்து முடியும்வரை ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. "நேத்துவரைக்கும் நல்லாதானே ஓடுச்சு" என்று சொல்வது இதனால்தான்.

ஒரு பயணத்தில் எத்தனை தீப்பொறி?

பிளக் ஏன் தேய்கிறது என்பதை ஒரு கணக்கு போட்டே பார்க்கலாம். நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டரில் தீப்பொறி வேண்டும். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், ஒரு பிளக்கில் நிமிடத்துக்கு 1,500 தீப்பொறி; வினாடிக்கு 25.

ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 330 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போனால் 3 மணி நேரம். ஒரு பிளக் 1,500 × 60 × 3 = 270,000 முறை பொறி தெறிக்கிறது. நான்கு பிளக்கும் சேர்ந்து 1,080,000. ஒரு வழிப் பயணத்திலேயே பத்து லட்சத்துக்கு மேல்! ஒவ்வொரு தீப்பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளி உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது.

பிளக்கைத் தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: பொருந்துமா?

திருகுமறையின் விட்டம், அதன் நீளம், சாவி பிடிக்கும் அறுகோணத்தின் அளவு ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். கார்களில் 14 மில்லிமீட்டர் விட்டம் பரவலானது. புதிய என்ஜின்கள் பலவற்றில் 12 மில்லிமீட்டரும் உண்டு. விட்டம் தவறினால் உள்ளேயே போகாது, அதனால் ஆபத்தில்லை. நீளம் தவறுவதுதான் ஆபத்து. நீளமான பிளக் உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனில் இடிக்கலாம். குட்டையான பிளக் என்றால் நுனி குழிக்குள் ஒளிந்துகொள்ளும். மீதி மறையில் கரி படிந்துவிடும். அடுத்த முறை சரியான பிளக்கைத் திருகும்போது மறையே கெட்டுவிடும்.

இரண்டாம் கேள்வி: வெப்ப எண் என்ன?

இது இயற்பியல் மாணவர்களுக்கான பகுதி. பிளக்கின் நுனி குறைந்தது 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 800, 850 டிகிரிக்கு மேல் போனால் முனை வேகமாக அரிக்கும். இன்னும் சூடேறினால் தீப்பொறி வருமுன்பே நுனியின் சூட்டில் கலவை பற்றிக்கொள்ளும். முன்கூட்டியே பற்றும் தீ பிஸ்டனையே உருக்கிவிடக் கூடும்.

நுனியின் சூடு எங்கே போகிறது? பெரும்பகுதி பீங்கான் வழியாக உலோக உடலுக்கும், அங்கிருந்து மறை, வாஷர் வழியாக என்ஜின் தலைக்கும் கடத்தப்படுகிறது. நுனியில் பீங்கான் நீளமாக வெளிப்பட்டிருந்தால் சூடு கடந்துபோகும் பாதை நீளம். நுனி சூடாகவே இருக்கும். இது சூடான பிளக். பீங்கான் குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறும். இது குளிர்ந்த பிளக். தீப்பொறியின் சூட்டுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்.ஜி.கே., டென்சோ ஆகிய ஜப்பானிய பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும். போஷ், சாம்பியன் ஆகியவற்றில் நேர்மாறு. எண் கூடினால் சூடு கூடும். போதாக்குறைக்கு என்.ஜி.கே.யும் டென்சோவும் வேறு வேறு எண்களைப் பயன்படுத்துகின்றன. என்.ஜி.கே. 5 என்பது டென்சோவில் 16. 6 என்பது 20. 7 என்பது 22. 8 என்பது 24. ஒரு நிறுவனத்தின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் பெட்டியை எடுக்கக் கூடாது. ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஓட்டும் விதமும் நுனியின் சூட்டைப் பாதிக்கும். ஜொகூர் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர்தான். ஆனால் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதில் எவ்வளவு நேரம் ஊர்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நின்று நின்று ஊரும் என்ஜினில் பிளக் போதிய சூட்டை எட்டாது; கரி படியும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இது அதிகம். கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் குறைவு. இதற்காக வெப்ப எண்ணை மாற்றக் கூடாது. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட்டினாலே படிந்த கரி எரிந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: முனை எந்த உலோகம்?

கடையில் "காப்பர் பிளக்" என்று சொல்வதில் செம்பு உள்ளேதான் இருக்கிறது. சூட்டைக் கடத்துவதற்காக நடுத்தண்டில் செம்பு வைத்திருப்பார்கள். நுனியில் இருப்பது நிக்கல் கலவை. செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் நுனிக்கு அது சரிவராது. நிக்கலின் உருகுநிலை 1,455 டிகிரி. பிளாட்டினம் 1,768. இரிடியம் 2,400 டிகிரியைத் தாண்டும்.

இரிடியம் அவ்வளவு உறுதியானது என்பதால் நடுமுனையை 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை மெல்லியதாகச் செய்யலாம். சாதாரண நிக்கல் முனை சுமார் 2.5 மில்லிமீட்டர் இருக்கும். மெல்லிய முனையில் மின்சாரம் எளிதாகத் தாவும்; தீயின் சூட்டையும் அது குறைவாகவே உறிஞ்சும். தேய்மானமும் மெதுவாக நடக்கும். நிக்கல் பிளக்கை ஏறக்குறைய 20,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்வார்கள்; நீண்டகால வகை இரிடியம் 100,000 வரை தாங்கும். ஆனால் எல்லா இரிடியமும் அவ்வளவு தாங்காது. பக்கமுனையிலும் பிளாட்டினம் பதித்த வகைதான் அந்தத் தூரம் போகும். பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

என்ஜினுக்கு நிக்கல் பிளக்தான் என்று கையேடு சொல்லியிருந்தால், இரிடியம் போட்டதும் குதிரைசக்தி கூடிவிடாது. மாற்ற வேண்டிய தடவை குறையும், அவ்வளவுதான். கையேடு இரிடியம் என்று சொல்லியிருந்தாலோ நிக்கலுக்கு இறங்காதீர்கள். மாற்றும் தூரத்தை மறந்துவிட்டால் சிக்கல்.

நான்காம் கேள்வி: உள்ளே மின்தடை உண்டா?

குறியீட்டில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே சுமார் 5,000 ஓம் மின்தடை உண்டு. தீப்பொறி எழுப்பும் வானொலி அலைகளை அது அடக்குகிறது. அது இல்லாவிட்டால் ரேடியோ கரகரக்கும். முக்கியமாக, காரின் கணினிக்கும் தொந்தரவு. இன்றைய கார்களுக்கு 'ஆர்' கட்டாயம்.

குறியீட்டை வாசிப்போம்

பெட்டியில் ஆங்கில எழுத்தில் இருக்கும் குறியீட்டை இங்கே தமிழில் தருகிறோம். என்.ஜி.கே. நிறுவனத்தின் பிபிஆர்6ஈஎஸ்-11 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம்.

பி: திருகுமறை விட்டம் 14 மில்லிமீட்டர், அறுகோணம் 20.8 மில்லிமீட்டர்.
பி: நுனிப் பீங்கான் வெளியே நீட்டியிருக்கும் வகை.
ஆர்: மின்தடை உண்டு.
6: வெப்ப எண்.
ஈ: மறையின் நீளம் 19 மில்லிமீட்டர்.
எஸ்: செம்பு நடுத்தண்டு கொண்ட சாதாரண வகை.
11: இடைவெளி 1.1 மில்லிமீட்டர்.

இதற்கு ஈடான டென்சோ பிளக் டபிள்யூ20ஈபிஆர்-யு11. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 6-க்கு 20, கடைசியில் இரண்டிலும் 11. காப்சாய் மோட்டார்களில் காணப்படும் சி7எச்எஸ்ஏ பிளக்கில் 'சி' 10 மில்லிமீட்டர் விட்டத்தையும் 'எச்' 12.7 மில்லிமீட்டர் நீளத்தையும் குறிக்கும். இப்போது மாணவர்களுக்கு வீட்டு மோட்டாரின் பிளக்கையும் வாசிக்கத் தெரிந்துவிட்டது.

குறியீடு தெரிந்தாலும் கடைசி வார்த்தை காரின் கையேட்டுக்குத்தான். பெரோடுவா அட்டிவா, புரோட்டோன் எக்ஸ்50 போன்ற டர்போ வண்டிகளில் சிலிண்டர் அழுத்தம் அதிகம். பொதுவாக டர்போ என்ஜின்களில் இடைவெளியை 0.7, 0.8 என்று குறுக்கியே வைப்பார்கள். சாதாரண காரின் 1.1-ஐ அங்கே கொண்டுபோகக் கூடாது.

இடைவெளியை அளந்து சரிசெய்யும் முறை

1. என்ஜின் முழுக்க ஆறட்டும். சூடான அலுமினியத் தலையில் பிளக்கைத் திருகினால் மறை பிய்ந்துகொண்டு வரலாம்.

2. பிளக் குழியைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் காற்றடித்து நீக்குங்கள். பிளக்கைக் கழற்றியபின் உள்ளே விழும் ஒரு மணல் போதும், சிலிண்டரைக் கீற.

3. ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டர் என்று வரிசையாக அடுக்குங்கள்.

4. புதுப் பிளக்கையும் அளந்து பாருங்கள். இடைவெளி சரிசெய்யப்பட்டே வந்தாலும், கீழே விழுந்திருந்தால் மாறியிருக்கும்.

5. ஃபீலர் கேஜில் தேவையான அளவுத் தகட்டை எடுத்து இடைவெளியில் செருகுங்கள். லேசான உரசலோடு போய்வர வேண்டும். அதைவிடச் சற்றுத் தடித்த தகடு போகக் கூடாது. பழைய பிளக்கில் முனை குழிந்திருந்தால் தட்டைத் தகடு குழியின் ஆழத்தைக் காட்டாது; அதற்குக் கம்பி வகை அளவி நல்லது.

6. சரிசெய்ய வேண்டுமானால் பக்கமுனையை மட்டும் வளையுங்கள். குறைக்க, பக்கமுனையைக் கெட்டியான பரப்பில் மெதுவாகத் தட்டலாம். கூட்ட, அளவியில் உள்ள கொக்கியால் இழுக்கலாம். நடுமுனையை நெம்புகோலின் தாங்கியாக்கக் கூடாது. பீங்கான் விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

7. இரிடியம், பிளாட்டினம் முனைகளில் நாணய வடிவ அளவியை நுழைத்து அழுத்தவே கூடாது. மெல்லிய முனை ஒடிந்துவிடும். கம்பி அளவியால் அளந்து, பெரிய வித்தியாசம் இருந்தால் கடையில் மாற்றிக்கொள்வதே நல்லது.

8. முதலில் கையாலேயே திருகுங்கள். கை தாங்காத அளவுக்கு இறுகினால் மறை கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

9. வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்கிற்கு அலுமினியத் தலையில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இதைவிடக் குறைத்துச் சொல்லும் கையேடுகளும் உண்டு. கையேட்டின் அளவே முதன்மை. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், புதுப் பிளக் கையால் இறுகியபின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. தளர்ந்திருந்தால் சூடு என்ஜின் தலைக்குக் கடத்தப்படாது. பிளக் சரியான வகையாக இருந்தாலும் வெந்துபோகும்.

பழைய பிளக் சொல்லும் செய்தி

கழற்றிய பிளக்கை உடனே குப்பையில் போடாதீர்கள். நுனி இளம்பழுப்பு நிறமென்றால் எல்லாம் நலம். உலர்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது நுனி சூடேறவில்லை. ஈரமான எண்ணெய்ப் பசை என்றால் என்ஜின் எண்ணெய் உள்ளே கசிகிறது. புதுப் பிளக் அதைத் தீர்க்காது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்குமீறிய சூடு. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டரைக் கவனிக்க வேண்டும். அதற்காகத்தான் வரிசையாக அடுக்கச் சொன்னோம்.

தீப்பொறி தவறினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகும். அங்கேயுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் அது எரிந்து, அதை உருக்கிவிடலாம். கன்வெர்ட்டரின் விலை பிளக்கைப்போல் பல மடங்கு. என்ஜின் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று மிதிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

போலிப் பிளக்குகள் குறித்துத் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். நம்பிக்கையான கடையில் வாங்குவதே முதல் பாதுகாப்பு. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனையும் செய்யலாம். 'ஆர்' வகைப் பிளக்கின் மேல்முனைக்கும் நடுமுனைக்கும் இடையே சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். மேல்முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது.

வகுப்பறையில் பயன்படுத்த

ஆசிரியர்களே, பட்டறைகளில் கழித்துப் போட்ட பழைய பிளக்குகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். நான்கு பிளக், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஒரு பாடவேளைக்குப் போதும். குழுவாகப் பிரித்து இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்; மூன்று முறை அளந்து சராசரி எடுக்கட்டும்; மின்தடையைப் பதியட்டும். காயிலை இணைத்துத் தீப்பொறி காட்டும் முயற்சி மட்டும் வேண்டாம். அந்த மின்னழுத்தம் ஆபத்தானது.

பயிற்சி வினாக்கள்

1. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடுகிறது. ஒரு வினாடியில் மொத்தம் எத்தனை தீப்பொறி?
விடை: ஒரு சிலிண்டருக்கு 2,400 ÷ 2 ÷ 60 = 20. நான்குக்கும் 80.

2. இக்னிஷன் காயில் நேர்மின்னோட்டத்தில் இயங்குவது எப்படி?
விடை: முதன்மைச் சுருளின் மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது காந்தப்புலம் வேகமாக மாறுகிறது. மாறும் காந்தப்புலம் சுற்றுகள் அதிகமுள்ள துணைச் சுருளில் உயர் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது.

3. பிளக்கை 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். சாவியின் நீளம் 0.25 மீட்டர். எவ்வளவு விசை தேவை?
விடை: 25 ÷ 0.25 = 100 நியூட்டன். ஏறக்குறைய 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் விசை.

4. இடைவெளி 1.1-லிருந்து 1.3 மில்லிமீட்டராகத் தேய்ந்துள்ளது. எத்தனை விழுக்காடு உயர்வு? அதன் விளைவு என்ன?
விடை: 0.2 ÷ 1.1 × 100 = சுமார் 18 விழுக்காடு. தேவையான மின்னழுத்தம் உயரும். காயிலின் கையிருப்பு குறையும். பளு ஏறும்போது தீப்பொறி தவறலாம்.

5. என்.ஜி.கே. 6-க்குப் பதில் 7 போட்டால் பிளக் சூடானதா, குளிர்ந்ததா? ஏன்?
விடை: குளிர்ந்தது. நுனிப் பீங்கான் குட்டையாக இருப்பதால் சூடு கடந்துபோகும் பாதை குறைகிறது.

தேர்வுத்தாள் மலாயில் வரும் என்பதால் சில சொற்கள்

ஸ்பார்க் பிளக், தீப்பொறிச் செருகி: பாலாம் பெஞ்சுச்சோ
நேர்மின்னோட்டம்: ஆருஸ் தெருஸ்
மாறுதிசை மின்னோட்டம்: ஆருஸ் ஊலாங் ஆலிக்
மின்காந்தத் தூண்டல்: ஆருஹான் எலெக்ட்ரோமக்னெட்
மின்தடை: ரிந்தாஙான்

மாணவர்களே, வீட்டில் அப்பாவோ மாமாவோ அடுத்த முறை வண்டியைச் சர்வீசுக்கு விடும்போது உடன் போங்கள். "அண்ணே, கழட்டுன பிளக்கக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று ஃபோர்மனிடம் கேளுங்கள். குறியீட்டை வாசியுங்கள், நிறத்தைப் பாருங்கள், இடைவெளியை அளக்கச் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படிவம் 5 பாடநூலின் ஒரு அத்தியாயம் உங்கள் உள்ளங்கையிலேயே இருக்கும்.